கடலோர வீட்டில் மூடிய சப்வூஃபர் பெட்டி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கீழக்கரையில், கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டில், அடிநாத ஒலியை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கரான பத்து அங்குல சப்வூஃபர் ஒன்றை முழுவதும் மூடிய பெட்டியில் வைத்துப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பெட்டியை மூடியதாகச் செய்வதா, காற்று போய்வர போர்ட் என்னும் திறந்த குழாய் வைத்துச் செய்வதா என்ற கேள்விக்கு ஒலியை மட்டும் பார்த்து விடை சொல்வது வழக்கம். இராமநாதபுரம் கரையிலோ உப்புக்காற்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்தால் வீட்டுக்கு மூடிய பெட்டியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பீக்கரோடு வரும் தாளில் தீல்-ஸ்மால் அளவீடுகள் என்ற தலைப்பில், பெட்டியின் அளவைக் கணக்கிட உதவும் சில எண்கள் இருக்கும். என் ஸ்பீக்கருக்கு ஒத்ததிர்வு (அது இயல்பாக அதிரும் வேகம்) 30 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.45, வி.ஏ.எஸ். (ஸ்பீக்கரின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) 50 லிட்டர். க்யூ.டி.எஸ். 0.4-க்கு மேல் இருந்தால் மூடிய பெட்டிக்குப் பொருந்தும் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் பொருத்திய பிறகு இந்த எண் 0.707 ஆக உயர்ந்தால், ஒலி எங்கும் புடைக்காமல் சீராக இறங்கும். 0.707-ஐ 0.45-ஆல் வகுத்து, கிடைத்ததை வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்தால் ஏறத்தாழ 1.47 வரும், 50-ஐ அதனால் வகுத்தால் பெட்டிக்குத் தேவையான கொள்ளளவு 34 லிட்டர். காந்தமும் உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டமும் அடைத்துக்கொள்ளும் இடத்துக்காக 3 லிட்டர் கூட்டி, உள்ளளவை 40 × 33 × 28 சென்டிமீட்டராக வைத்தோம்.

அதே வாட்டில் போர்ட் பெட்டி கூடுதலாக முழங்கும் என்பதை மறுக்கவில்லை. கல்யாண மண்டபத்துக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் போர்ட்டின் ட்யூனிங்குக்கு, அதாவது அந்தக் குழாய் ஒத்ததிரும் அதிர்வெண்ணுக்கு, கீழே ஒலி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் வீதம் சரிவதோடு, ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பான கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தமும் இல்லாமல் போகிறது. மூடிய பெட்டியில் சரிவு 12 டெசிபல்தான். தவிலின் தொப்பியில் விழும் அடி விழுந்த இடத்திலேயே முடிவதை இதில் தெளிவாகக் கேட்கலாம்.

இனி உப்பு. போர்ட் பெட்டியில் ஒவ்வொரு அடிக்கும் குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே போய் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது அந்தக் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே இருக்கும். அது காந்தத்தின் இரும்புத் தட்டைத் துருவேற்றும். துரு பொரிந்து, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் ஓடும் மெல்லிய இடைவெளியில் விழுந்தால், மெதுவாக வைத்துக் கேட்கும்போது கூட உரசும் சத்தம் வரும். என் மச்சான் வீட்டில் இருந்த எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போர்ட் பெட்டியில் அடிப்பலகை ஊதி, விளிம்பு உதிர்ந்து, திருகாணிகள் பிடிப்பில்லாமல் கையோடு வந்துவிட்டன.

ஆகவே மரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் வாங்கி, நாட்டுப்படகு கட்டும் தச்சரான ஓடாவி ஒருவரிடம் கொடுத்தேன். வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் ஏறும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்காக அறுத்த வட்டத்தின் விளிம்பு உட்பட எல்லா முனைகளுக்கும், பெட்டியின் உட்புறத்துக்கும் எபாக்சி பூசிக் காயவிட்ட பிறகே சேர்த்தார். மூட்டுகளில் உள்ளிருந்து சிலிக்கான் அடைத்து, ஸ்பீக்கரின் சட்டத்துக்கு அடியில் ரப்பர் கேஸ்கட் வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் இறுக்கினோம். உள்ளே நிரப்பப் பாலியஸ்டர் பஞ்சு போதும்; பருத்திப்பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

காற்றுக் கசிவைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரு கை விரல்களையும் பரப்பி, கோனைக் கோணாமல் மெதுவாக அழுத்திவிட்டு எடுத்தால், அது சட்டென்று துள்ளாமல் தயங்கி மேலே வர வேண்டும். உடனே எழும்பினால் எங்கோ காற்று போகிறது என்று பொருள். பெரும்பாலும் அது கம்பியை இணைக்கும் டெர்மினலுக்காகப் போட்ட துளையாகவே இருக்கும்.

சாதாரண செம்புக் கம்பி இங்கே களிம்பு பூத்துவிடும் என்பதால், வெள்ளீயம் பூசிய, படகுகளுக்கான செம்புக் கம்பியைப் போட்டு, உள் இணைப்புகளைச் சாலிடர் செய்திருக்கிறேன். ஸ்பீக்கர் வாங்கும்போதே கோனைச் சுற்றிய விளிம்பு ரப்பரா என்று பார்த்து வாங்குங்கள். நுரை விளிம்பு இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் பொடிந்துவிடும். ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியோடு சேர்த்துப் பொருத்தாமல், காற்று நேராக அடிக்காத உள்சுவர் அலமாரியில் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.