பள்ளிச் சாப்பாட்டுக்கு சுகர் பீன்ஸா, சோயா மின்ஸா?

தென்னாப்பிரிக்காவில் 1994-இல் தொடங்கிய பள்ளி உணவுத் திட்டத்தில் சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ் விதை), சோயா மின்ஸ் (கொத்துக்கறி போல் உதிரியான காய்ந்த சோயா) இரண்டையும் சமைக்கிறார்கள். டர்பன் பக்கம் சமைக்கும் அக்காமாருக்கு எதை எந்த நாளில் போடுவது என்பதுதான் குழப்பம். 100 பிள்ளைகளுக்கு, தலைக்கு 30 கிராம் வீதம் காய்ந்த சரக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

நேரம்
பீன்ஸ்: இரவே ஊறப்போட வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு பீன்ஸ் வயிற்றைக் கலக்கிவிடும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். தக்காளியை முதலிலேயே போட்டால் புளிப்பில் தோல் இறுகி வேகவே வேகாது. பழைய சரக்கும் அப்படித்தான், எவ்வளவு காஸ் எரித்தாலும் கல்.
சோயா: ஏறக்குறைய 15 நிமிடம். தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டுக் கிளற வேண்டும். இல்லாவிட்டால் கட்டி தட்டும், அடிபிடிக்கும்.

சத்து
பீன்ஸ்: தலைக்கு 6 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்து தாராளம்.
சோயா: புரதம் உண்டு, ஆனால் மசாலா பாக்கெட்டில் உப்பு அதிகம். மேற்கொண்டு உப்புப் போடாதீர்கள். கேரட், முட்டைக்கோஸ் சேருங்கள். சோயா ஒவ்வாத பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ருசி
பீன்ஸ் பன்னி சாவ் (bunny chow: குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தருவது) தின்று வளர்ந்த ஊரில் பீன்ஸ் கறிக்குச் சிபாரிசு தேவையில்லை.

காஸும் ஆளும் இருக்கிற பள்ளிக்கு வாரத்தில் பெரும்பாலும் பீன்ஸ். தண்ணீர் நின்ற நாள், சிலிண்டர் தீரும் நாள், முந்தின இரவு ஊறப்போட ஆளில்லாத திங்கட்கிழமை காலை: சோயா.