தூதர் வெட்டிய கால்வாய், பொறியாளர் போட்ட கையெழுத்து

ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ் தூதராக இருந்தவர், பொறியியல் படித்தவரல்ல. பேசியே ஆளையும் பணத்தையும் திரட்டினார். 1869இல் எகிப்தில் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே தெம்பில் பனாமாவிலும் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் இல்லாமல் கடல்மட்டத்திலேயே கால்வாய் வெட்டலாம் என்று பிடிவாதம் பிடித்தார். மலையும் மஞ்சள் காய்ச்சலும் விடவில்லை. 1889இல் கம்பெனி திவால்.

பியூனோ-வரியா நேரெதிர். பனாமாவில் அந்த வேலையையே பார்த்த பொறியாளர். கால்வாயை நிகரகுவா வழியே வெட்டலாம் என்று அமெரிக்கா சாய்ந்தபோது, அங்கே எரிமலை ஆபத்து என்று காட்ட, புகை கக்கும் மொமொடொம்போ எரிமலையின் படம் போட்ட நிகரகுவா தபால்தலைகளைத் தேடி வாங்கி அமெரிக்க செனட்டர்களுக்கு அனுப்பினார். என்ன குசும்பு! 1903இல் பனாமா தனி நாடானதும் அதற்கே தூதரானார், இத்தனைக்கும் பிரெஞ்சுக்காரர். நவம்பர் 18 அன்று, பனாமா பிரதிநிதிகள் வாஷிங்டன் வந்து சேருமுன்பே அமெரிக்காவுடனான கால்வாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 10 மைல் அகல நிலம் அமெரிக்காவின் பிடிக்குப் போனது.

சாமர்த்தியத்தில் இவர்தான் ஒரு படி மேல். பனாமாக்காரர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். கால்வாய் அவர்கள் கைக்கு வர 1999 டிசம்பர் 31 ஆனது.