பாலிஷ் போடாத மரச்சாமான்: வேலூரில் யாரிடம் வாங்குவது?

பாலிஷ் போட்ட கட்டிலை வாங்கப் போகும்போது நாம் பார்ப்பது பாலிஷைத்தான். அடியில் இருப்பது தேக்கா வாகையா, கணுவில் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்களா, பின்காலில் வெள்ளை (மரத்தின் வெளிப்புறத்து மென்மையான பகுதி) எவ்வளவு ஓடுகிறது என்பதெல்லாம் நிறத்துக்குள் போய்விடும். பாலிஷ் போடாத சாமானில் இவ்வளவும் வெளியே தெரியும். அதனால் அதை விற்பவர் ஏமாற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கண்ணுக்குத் தெரிவதை அவரால் மறைக்க முடியாது. ஆனால் மரம் எப்போது அறுத்தது, எவ்வளவு காய்ந்தது, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியதா, வீட்டுக்குப் போன பிறகு அது என்ன செய்யும் என்பதெல்லாம் அவர் வாய் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். இந்த வியாபாரத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவதில் ஒரு பங்கு மரம், இன்னொரு பங்கு விற்பவரின் சொல்.

வேலூரில் ஒரு கட்டிலோ மேசையோ வேண்டுமென்றால் நமக்கு நான்கு வழிகள் உண்டு. மரவாடியில் மரம் எடுத்து ஆசாரியிடம் கொடுப்பது ஒன்று. பாலிஷ் போடாமலேயே சாமான் விற்கும் பட்டறையில் வாங்குவது இன்னொன்று. பிறகு ஷோரூம். கடைசியாக ஆன்லைன். விலையை வைத்து இவற்றை ஒப்பிடுபவர்கள் நிறைய பேர். நான் வேறொன்றை வைத்து ஒப்பிடுகிறேன். வாங்குவதற்கு முன் யார் உண்மையைச் சொல்கிறார்கள்? வாங்கிய பிறகு குறை வந்தால் யார் பொறுப்பேற்கிறார்கள்?

அதற்கு முன் நம் ஊர் வெயிலைப் பற்றிக் கொஞ்சம். கத்திரியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டிக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து காற்றெல்லாம் ஈரமாகும். மரம் இந்த இரண்டுக்கும் ஈடுகொடுத்துச் சுருங்கி விரியும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் மாறும். இரண்டரை அடி அகல மேசைப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கூடிக் குறைவது இயல்பு. நன்றாகக் காய்ந்த மரம்கூட அப்படித்தான். சரியாகக் காயாத மரமாக இருந்தால் சித்திரையில் பலகை வெடிக்கும், மூட்டு வாய் பிளக்கும். மழைக்காலத்தில் பார்த்து வாங்கிய சாமானின் சாயம் வெயில் காலத்தில்தான் வெளுக்கும். அதனால் ‘இது எந்த அளவுக்குக் காய்ந்தது?’ என்பதுதான் நான் எங்கு போனாலும் முதலில் கேட்கும் கேள்வி.

மரவாடியும் ஆசாரியும்

நம் அப்பா, தாத்தா காலத்து வழி இது. மரத்தை நாமே நேரில் பார்த்து எடுக்கிறோம், ஆசாரி நம் கண்முன்னே இழைக்கிறார். தேக்கின் வைரப் பகுதியை, அதாவது நடுவில் இருக்கும் கெட்டியான மரத்தை, இழைத்தால் கையில் எண்ணெய்ப் பசை போல ஒட்டும், தோல் வாசனை மாதிரி ஒரு வாசனை வரும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் நமக்குத் தோல் வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே நேர்மை தெரிவது அளவில். அறுத்த பலகைக்குக் கணக்கு எளிது. அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம் மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். 7 அடி நீளம், 12 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 0.875 கன அடி. உருட்டு மரத்துக்குக் கால் சுற்றளவுக் கணக்கு, அதாவது சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதே பங்கால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது. 4 அடி சுற்றளவு, 10 அடி நீளமுள்ள மரத்தை 10 கன அடி என்று போடுவார்கள். வட்டக் கணக்கில் பார்த்தால் அதன் உண்மையான கன அளவு 12.7க்கும் மேலே. அந்த வித்தியாசம் பட்டைக்கும் அறுப்புச் சேதாரத்துக்கும் விட்டது. நல்ல மரவாடிக்காரர் இதைச் சொல்லி, பட்டையை நீக்கி அளந்தாரா பட்டையோடு அளந்தாரா என்பதையும் சொல்வார். ஒன்றரை அங்குலப் பலகை இழைத்து முடித்தால் ஒன்றேகாலுக்குத்தான் நிற்கும் என்று முன்கூட்டியே எச்சரிப்பார். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாததால் மரவாடி வாசலில் எத்தனையோ சண்டைகள் நடக்கின்றன.

மரத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். ‘நைஜீரியா தேக்கு’, ‘கானா தேக்கு’ என்று விற்பவை பெரும்பாலும் அங்கே தோட்டங்களில் வளர்த்த அசல் தேக்குதான். ஆனால் இளமரம் என்றால் வைரம் குறைவாக, வெள்ளை அதிகமாக இருக்கும். வெறும் ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்றால் அது தேக்குக் குடும்பமே இல்லாத வேறு மரமாக இருக்கலாம். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ‘பர்மாத் தேக்கு’ என்று யாராவது தாராளமாகச் சொன்னால், எந்த ரசீதின் மேல் வந்தது என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டதும் முகம் சுளிக்காமல் காட்டுபவரிடம் நான் தைரியமாக வாங்குவேன்.

இந்த வழியின் பெரிய பலவீனம், குறை வரும்போது தெரியும். பலகை வெடித்தால் மரவாடிக்காரர் ஆசாரியைக் கை காட்டுவார், ஆசாரி மரத்தைக் கை காட்டுவார். இரண்டு பேருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். ஆனாலும் முழுப் பொறுப்பு எடுக்க ஒருவர் இல்லை. மரம் எடுக்கும்போதே ஆசாரியைக் கூட அழைத்துப்போய், அவர் ஒப்புக்கொண்ட மரத்தை மட்டும் எடுத்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

பாலிஷ் போடாமல் விற்கும் பட்டறை

இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிப் பாலிஷ் போடாத சாமான்களுக்கென்றே தனிக் கடைகள் உண்டு. நம் ஊரில் அது பட்டறையோடு சேர்ந்த வியாபாரம். கட்டில், பெஞ்சு, பூஜை அலமாரி, ஊஞ்சல் பலகை எல்லாம் உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் இல்லாமல் நிற்கும். வாங்கிப் போய் நம் விருப்பப்படி பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பட்டறையில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா தேக்குக் கட்டில் பார்க்க வந்தார். முதலாளி விலையைச் சொல்லவில்லை. கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, பின்காலில் விரலை வைத்தார்.

“மேடம், இங்க ஒரு விரக்கடைக்கு வெள்ளை ஓடுது பாருங்க. தேக்குதான், ஆனா வைரம் கிடையாது. பாலிஷ் போட்டா தெரியாது. உளுப் பூச்சி விழுந்தா இங்கதான் விழும்.”

“அப்படியே எடுத்துக்கிட்டா?”

“எடுத்துக்கலாம். மருந்து அடிச்சுத்தான் குடுப்பேன், விலையிலயும் கொறச்சுக்கறேன். இல்ல, கால மாத்தணும்னா நாலு நாள் ஆகும்.”

அந்த அம்மா காலை மாற்றச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளிக்கு நாலு நாள் வேலையும் ஒரு கால் மரமும் செலவு. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு அந்த வெள்ளை தெரியவந்திருக்காது. நான் நேர்மையான வாடிக்கையாளர் சேவை என்று சொல்வது இதைத்தான். கடையில் டீ வாங்கிக் கொடுப்பதும் ‘வாங்க வாங்க’ என்று உபசரிப்பதும் நல்லதுதான், ஆனால் அவை வேறு.

நல்ல பட்டறைக்காரரிடம் நான் பார்க்கும் இன்னொரு குணம், அவர் நம்மைத் திரும்பக் கேள்வி கேட்பார். இது சாப்பாட்டு மேசையா, படிக்கிற மேசையா? வீட்டில் வெயில் விழும் இடமா? ஏசி ஓடும் அறையா? அதைப் பொறுத்துத்தான் அவர் சொல்லும் யோசனை மாறும். அரக்கில் செய்யும் ஃபிரெஞ்சு பாலிஷ் பார்க்க அழகு, ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். சாப்பாட்டு மேசைக்கு மெலமைன் பூச்சோ பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சோ போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தையும் விடாமல் ஒரு கோட் அடியுங்கள் என்றும் சொல்ல வேண்டும். மேலே மட்டும் அடைத்து அடியைத் திறந்து விட்டால் பலகை இரு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் இழுக்காது, வளைந்துவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீலர் (துளைகளை அடைக்கும் முதல் பூச்சு) அடிக்கும் முன் தின்னரால் துடைக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறேன் என்று நீங்கள் சொன்னால், துடைத்த துணியைப் பற்றி அவர் பேசுகிறாரா என்று பாருங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் எண்ணெய் காயும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியே காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும். எண்ணெயை அவர் விற்கப்போவதில்லை, அதைச் சொல்வதால் அவருக்கு ஒரு ரூபாய் லாபமும் கிடையாது. அப்படியும் சொல்பவரிடம்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

எவ்வளவு நாள் பாலிஷ் போடாமல் வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு எல்லா மரத்துக்கும் ஒரே பதில் சொல்பவரை நம்ப மாட்டேன். மரம் நம் வீட்டுக் காற்றுக்குப் பழக ஓரிரு வாரம் விட்டுவைப்பது நல்லது. ஆனால் ரப்பர் மரம், மா மரம் போன்றவற்றை மாதக்கணக்கில் திறந்து போடக் கூடாது. உளு வண்டு திறந்த மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும். நாள் கழித்து மாவு போலத் தூள் கொட்டும்போதுதான் நமக்குத் தெரியும். ரப்பர் மரம் மருந்து ஏற்றி, சூளையில் காயவைத்ததாக இருந்தால் மாணவர் மேசைக்கும் வாடகை வீட்டுக்கும் நல்ல தேர்வு. மருந்து ஏற்றாததை வாங்குவது காசைக் குப்பையில் போடுவது. ஏற்றியதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கேதான் மறுபடியும் விற்பவரின் சொல் வருகிறது, அந்தச் சொல் ரசீதில் ஏறியிருக்க வேண்டும்.

பட்டறைகளின் குறையையும் சொல்லியாக வேண்டும். பல பட்டறைகளில் ரசீது என்றால் துண்டுச் சீட்டுதான். தேதி சொன்னால் அந்தத் தேதிக்கு வராது. ஈரம் பார்க்கும் மீட்டர் எல்லோரிடமும் இருப்பதில்லை. அதைவிட முக்கியம், பாலிஷ் போட்ட பிறகு குறை வந்தால் ‘நீங்க போட்ட பாலிஷ் சரியில்ல’ என்று கழன்றுகொள்ள அவருக்கு வழி இருக்கிறது. நல்ல பட்டறைக்காரர் இந்தக் கோட்டை முன்பே கிழித்துவிடுவார். மூட்டு விடுவது, உளு விழுவது, பலகை பிளப்பது இவையெல்லாம் என் பொறுப்பு. திட்டுத் திட்டாக நிறம் ஏறுவது பாலிஷ்காரர் பொறுப்பு. மழையில் டிராயர் இறுகுவது மரத்தின் இயல்பு, ஒருமுறை வந்து இழைத்துக் கொடுக்கிறேன். இப்படி மூன்றாகப் பிரித்துச் சொல்கிறவர் கிடைத்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு வாங்கிவிடலாம். ‘ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது சார்’ என்று அடித்துச் சொல்கிறவரிடம் எதற்கு உத்தரவாதம் என்று கேட்டால் பதில் வராது.

ஷோரூமும் ஆன்லைனும்

ஷோரூமின் பலம் அதன் தாள்கள். ரசீது, உத்தரவாத அட்டை, டெலிவரி தேதி, தவணை வசதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். தூசு இல்லாத இடத்தில் அடித்த பாலிஷும் நம் வீட்டு மாடியில் போடுவதைவிட வழவழப்பாக இருக்கும். நேரமே இல்லாதவர்களுக்கு, வீட்டில் ஒரு ஆசாரியைக் கூட்டி வேலை வாங்கத் தெரியாதவர்களுக்கு இது நியாயமான வழி. ஆனால் அங்கே நிற்கும் பையனுக்கு மரத்தைப் பற்றித் தெரியாது, அது அவன் குற்றமும் இல்லை. ‘என்ஜினீயர்டு வுட்’ என்றால் மரத்தூளையோ நாரையோ பசையில் அழுத்திய பலகை என்பதைக் கேட்காமல் யாரும் சொல்வதில்லை. அதில் கெடுதல் இல்லை, ஆனால் தண்ணீர் பட்டால் ஊதும். குறை வந்தால் அவர்கள் கம்பெனி எண்ணைக் கொடுப்பார்கள், நாம் அங்கே பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆன்லைனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத்தில் மரத்தைத் தொட முடியாது. வட இந்தியாவில் செய்த ஷீஷம், மா மரச் சாமான்கள் நன்றாகவே இருக்கின்றன, திருப்பி அனுப்பும் விதியும் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆறு கால் கட்டிலைப் பிரித்துக் கட்டித் திருப்பி அனுப்பியவரைக் கேளுங்கள், அந்த விதியின் உண்மையான விலை தெரியும்.

யாருக்கு எது?

சத்துவாச்சாரியிலோ பாகாயத்திலோ புது வீடு கட்டி, நிலை, கதவோடு சேர்த்துக் கட்டிலும் செய்பவர் மரவாடிக்குப் போகட்டும். மொத்தமாக மரம் எடுக்கும்போது பேரமும் படியும், மிச்ச மரமும் வீணாகாது. இரண்டு வருட வாடகை வீட்டுக்கு, ஹாஸ்டலை விட்டு வெளியே தங்கும் பிள்ளைக்கு என்றால் மருந்து ஏற்றிய ரப்பர் மரச் சாமானைப் பட்டறையில் வாங்கலாம். கல்யாணச் சீருக்குத் தேதி நெருங்கிவிட்டது என்றால் ஷோரூம்தான், பட்டறைக்காரரின் தேதியை நம்பி மண்டபத்தில் நிற்க முடியாது. மற்ற எல்லோருக்கும் என் சிபாரிசு பட்டறைதான். கேட்டதற்குப் பதில் சொல்கிற, சாமானைக் கவிழ்த்துக் காட்டுகிற பட்டறை.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ரசீது தராமல் விற்பது நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ரசீதில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்து வைப்பதால் கடைக்காரரின் பொறுப்பு போய்விடாது. பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்.

ஆனால் ஆணையத்துக்குப் போனாலும் கேட்கப்போவது ரசீதைத்தான். அதனால் பணம் கொடுக்கும் முன் துண்டுச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, முழு ரசீதில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்: மரத்தின் பெயர், வைரமா வெள்ளையும் உண்டா, இழைத்த பிறகு உள்ள கனம், மருந்து ஏற்றியதா, மூட்டுக்கும் உளுவுக்கும் எத்தனை மாதம் பொறுப்பு, பாலிஷ் இல்லாமல் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு. இதில் கடைசி வரி அவருக்கும் பாதுகாப்பு என்று சொன்னால் பெரும்பாலான பட்டறைக்காரர்கள் எழுதித் தந்துவிடுவார்கள்.