மாற்றல் உத்தரவு வந்தால் வீட்டை யார் விற்பது?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஊழியருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, குடியிருக்கும் சொந்த வீட்டை விற்க வேண்டியிருந்தால், வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. தானே விற்றுச் செலவைத் திரும்பப் பெறலாம். அல்லது, துறை அந்த வசதியை அளித்தால், அது அமர்த்திய இடமாற்ற நிறுவனத்துக்கே வீட்டை விற்றுவிடலாம்.

முதல் வழியில் தரகர் கமிஷன், சட்டச் செலவு, பத்திரச் செலவு போன்றவை விற்பனை விலையில் 10 சதவீதம் வரை கிடைக்கும். இதை மொத்தமாகக் கைக்கு வரும் தொகை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. 4,00,000 டாலர் வீட்டுக்கு 26,000 டாலர் செலவானால், 26,000 தான் கிடைக்கும். விலை சரிந்து வந்த நஷ்டம், காலி வீட்டின் பராமரிப்பு, சொத்து வரி, கடன் வட்டி எதுவும் இதில் சேராது. திரும்பப் பெறும் தொகை வருமானமாகவும் கருதப்படும். அந்த வரிச்சுமையின் பெரும்பகுதியை ஈடுசெய்யத் தனிப் படி உண்டு. ஆனால் அதற்கும் கணக்கு, படிவம், காத்திருப்பு.

இரண்டாவது வழியில் மதிப்பீட்டாளர்கள் வீட்டைப் பார்த்து விலை குறிக்க, நிறுவனம் அந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறது. அதன் கட்டணத்தைத் துறை செலுத்துகிறது. முறைப்படி நடந்தால் அந்தக் கட்டணம் ஊழியரின் வருமானமாகாது. வாங்குபவர் வரும்வரை இரண்டு ஊர்களில் இரண்டு வீட்டுச் செலவைச் சுமக்கும் வேதனையும் இல்லை. குழந்தைகளின் பள்ளி, துணைவரின் வேலை என்று ஏற்கெனவே தவிக்கும் குடும்பத்துக்கு இந்த நிம்மதி மிகப் பெரிது. மதிப்பீடு குறைவாக வரக்கூடும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனாலும் துறை இந்த வசதியை அளிக்கிறதென்றால் நான் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சந்தையில் வீடு சூடாக விற்கும் ஊர் என்றால் மட்டும் முதல் வழி ஈடுகொடுக்கும்.

நிறுவனத்தின் வழியில் போகிறவர்களும் வீட்டை வாங்கத் தாங்களே ஆள் தேடலாம். கூடுதல் விலைக்கு ஒருவர் வந்தால் நிறுவனம் தன் விலையை அதற்கேற்ப உயர்த்தும். சில துறைகள் ஊக்கத்தொகையும் தருகின்றன. அது விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் அந்த நபரிடம் முன்பணம் வாங்காதீர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். நிறுவனத்துக்கு விற்பது ஒன்று, அது வெளியாளுக்கு விற்பது இன்னொன்று. இவை தனித்தனி விற்பனைகளாக இருந்தால்தான் வரிச்சலுகை நிலைக்கும்.

வாடகைக்கு விட்டு, நிர்வாகக் கட்டணத்தைத் துறையிடம் பெறும் வழியும் சில இடங்களில் உண்டு. திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

எந்த வழியானாலும் பணித்தொடர்ச்சி ஒப்பந்தத்தில், அதாவது குறிப்பிட்ட காலம் அரசுப் பணியில் நீடிப்பேன் என்ற உறுதிமொழியில், கையெழுத்திட வேண்டும். புதிய ஊரில் பணியேற்ற நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் விற்பனை முடிய வேண்டும். துறை ஒப்புக்கொண்டால் இன்னும் 1 ஆண்டு வரை நீட்டிக்கலாம். அந்த விண்ணப்பத்தைக் கெடு முடியும் முன்பே கொடுத்துவிடுங்கள்.