கிளிநொச்சியில் வாங்கிய நேர்கோட்டுப் பயிற்சிப் புத்தகம்

அக்காவின் மகன் தரம் 10 படிக்கிறான். அவனுக்காகக் கிளிநொச்சி நகரில் ஒரு புத்தகக் கடையில் எடுத்தது இது. நேர்கோட்டு வரைபுகளுக்கென்றே தனியாக அடித்த சின்னப் பயிற்சிப் புத்தகம், 350 ரூபா. தாள் மெல்லிசு, கொஞ்சம் அழுத்தி அழித்தால் கிழிகிறது. அந்த விலைக்கு அவ்வளவுதான்.

இரண்டு புள்ளிகளைத் தந்து சமன்பாடு கேட்கும் பகுதிக்காகத்தான் வாங்கினேன். அந்தப் பகுதி நன்றாகவே இருக்கிறது. சூத்திரத்தை எடுத்தவுடன் நீட்டவில்லை. (2, 5), (6, 13) இரண்டையும் வரைபுத்தாளில் குறித்து, வலப்பக்கம் 4 போக மேலே 8 ஏறுகிறது, ஆகவே படித்திறன் (கோட்டின் சாய்வு) 8 ÷ 4 = 2 என்று காட்டுகிறார்கள். பிறகு வை = 2எக்ஸ் + சி என்பதில் முதற்புள்ளியைப் போட்டால் 5 = 4 + சி, ஆகவே வெட்டுத்துண்டு (கோடு வை அச்சை வெட்டும் இடம்) சி = 1. அதோடு விடாமல் மற்றப் புள்ளியையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்: 2 × 6 + 1 = 13, சரி. எனக்குத் தெரிந்த ரியூசன்களில் இந்தக் கடைசி வரியை யாரும் எழுதுவிப்பதில்லை.

குறை என்றால், எல்லாப் படித்திறனும் முழு எண். (−3, 4), (5, −2) என்று நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன். படித்திறன் −3/4 என்று வந்ததும் "சித்தி, இது பிழையான கணக்கு" என்று பேனையை வைத்துவிட்டான். (4, 1), (4, 7) போன்ற நிலைக்குத்துக் கோடும் புத்தகத்தில் இல்லை. பூச்சியத்தால் வகுக்க முடியாது, அதனால் படித்திறன் கிடையாது, சமன்பாடு எக்ஸ் = 4 என்று இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

வசனக் கணக்குகளில் கொழும்பு டாக்சிக் கட்டணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த நாளில் நீர்மட்டம் 30 அடி, 20 நாள் கழித்து 26 அடி என்று ஒரு கணக்குப் போட்டிருந்தால், படித்திறன் ஏன் மறை எண்ணாக வருகிறது என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. (குளம் அப்படி நேர்கோட்டில் வற்றாது என்பது வேறு கதை.)

வாங்குபவர்களுக்கு ஒன்று. (1, 7), (3, 1) கணக்குக்குப் பின்பக்க விடை வை = 3எக்ஸ் + 4 என்று இருக்கிறது. முதற்புள்ளி அதில் பொருந்தும், இரண்டாவது பொருந்தாது. பெடியனே கண்டுபிடித்தான். −3எக்ஸ் + 10 என்று பேனையால் திருத்திவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.