சட்டமன்றக் கையேடு: பின்பாதிக்காகவே வாங்கலாம்

தேர்தல் முடிந்த கையோடு தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையைப் பற்றிய கையேடுகள் வரிசையாக வந்துவிடுகின்றன. பெரும்பாலானவை படமும் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கொண்டவை. நான் இங்கே எழுதுவது, 16ஆவது பேரவைக்காக வெளிவந்து, 2025இல் ‘திருத்திய பதிப்பு’ என்ற முத்திரையோடு மீண்டும் அச்சான ஒரு கையேட்டைப் பற்றி. விலை 220 ரூபாய். முன்பாதி 234 உறுப்பினர்கள். பின்பாதி பேரவைத் தலைவர் முதல் குழுக்கள் வரையிலான பதவிகளும் அவற்றின் அதிகாரங்களும். பின்பாதியை எழுதியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். முன்பாதியைத் திருத்தியதாகச் சொல்லிக்கொள்பவர்களிடம் எனக்குக் கடுமையான கேள்விகள் இருக்கின்றன.

ஈரோட்டில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தலைநிமிர நேரமிருக்காது. பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, சாக்கடை, பஸ் நிறுத்தம் என்று வரும் மனுக்களில் பாதி ஆட்சியருக்கு. கணிசமானவை சட்டமன்ற உறுப்பினருக்கு. மனுவில் ‘பொருள்’ எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் ‘பெறுநர்’ தவறாகப் போனால் அத்தனையும் வீண். ஆகவே எனக்கு இது அலமாரியில் வைக்கும் புத்தகம் ஆகாது. மேசையில் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டிய கருவி. அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன்.

முன்பாதி தொகுதி எண் வரிசையில் போகிறது. 1 கும்மிடிப்பூண்டி, 234 கிள்ளியூர். வடக்கே தொடங்கித் தெற்கே குமரி வரை நடந்து போகிற அந்த வரிசை தேர்தல் ஆணையத்துக்குப் பொருத்தமானது. தொகுதி எண் தெரியாத மனிதருக்குப் பயன்படாது. அகர வரிசைப் பட்டியல் ஒன்று கடைசியில் இருக்கிறது, பரவாயில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் படம், கட்சி, பெற்ற வாக்கு, வித்தியாசம், முகவரி. 2021 முடிவின் மொத்தக் கணக்கு முதல் பக்கத்திலேயே தெளிவாக இருக்கிறது: தி.மு.க. 133, அ.தி.மு.க. 66, காங்கிரஸ் 18, பா.ம.க. 5, பா.ஜ.க. 4, வி.சி.க. 4, இந்தியக் கம்யூனிஸ்ட் 2, மார்க்சிஸ்ட் 2. ஆதிதிராவிடருக்கான தனித்தொகுதிகள் 44, பழங்குடியினருக்கானவை ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆக 2 என்பதை வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டியிருப்பது நல்ல ஏற்பாடு.

வாக்கு வித்தியாசத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. தியாகராய நகரில் 137. எங்கள் மொடக்குறிச்சியில் 281. ஒரு தெரு ஆட்கள் வாக்களிக்கப் போகாமல் இருந்திருந்தால் உறுப்பினரே மாறியிருப்பார் என்று மனு எழுத வருகிற இளைஞர்களிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். அதே மொடக்குறிச்சியில் 1996இல் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் கோரிக்கையை நாடு கேட்க வேண்டும் என்று கூட்டமாக மனுத்தாக்கல் செய்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க நேர்ந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த வைப்புத்தொகையை 5,000 ஆக்கினார்கள். தொகுதிப் பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. இடமில்லை என்று சொல்ல முடியாது. அரைப் பக்கம் வெற்றாகக் கிடக்கிறது.

இனி பெரிய குறை. 98ஆம் எண், ஈரோடு கிழக்கு.

2021இல் இங்கே வென்றவர் திருமகன் ஈவெரா. 2023 ஜனவரியில் அவர் மறைந்தார். அந்த இடைத்தேர்தலில் அவருடைய தந்தை ஈ.வெ.கி.ச. இளங்கோவன் உறுப்பினரானார். 2024 டிசம்பரில் அவரும் மறைந்தார். 2025 பிப்ரவரியில் நடந்த இன்னோர் இடைத்தேர்தலில் வி.சி. சந்திரகுமார் வென்றார். இவர் 2011இல் தே.மு.தி.க. சார்பில் இதே தொகுதியில் வென்றவர். ஒரே பேரவைக் காலத்தில் ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். ‘திருத்திய பதிப்பு 2025’ என்று அட்டையில் போட்ட இந்தக் கையேட்டில் 98ஆம் பக்கம் இளங்கோவனோடு நின்றுவிட்டது.

கருங்கல்பாளையத்திலிருந்து ஓர் அம்மாள் சாக்கடை அடைப்பைப் பற்றி மனு எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். பள்ளியில் படிக்கும் பேத்தி இந்தக் கையேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தது, அழகான கையெழுத்து. பெறுநர் என்ற இடத்தில் மறைந்த மனிதரின் பெயர். அதை அப்படியே தபாலில் சேர்த்திருந்தால் துக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குச் சாக்கடைப் புகார் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தப் பிள்ளை செய்தது சரி. புத்தகத்தை நம்பியது. அந்த நம்பிக்கைக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழைய அச்சையே புதிதாகத் தருவது சிறிய பிழை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

விக்கிரவாண்டி, விளவங்கோடு இரண்டும் சரியாக இருக்கின்றன. 2024இல் முன்னதில் உறுப்பினர் மறைவாலும், பின்னதில் விஜயதரணி பதவி விலகியதாலும் இடைத்தேர்தல் நடந்தது. புதிய உறுப்பினர்கள் அன்னியூர் சிவா, தாரகை கத்பர்ட். ஆனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஒரு தொகுதி காலியாக இருந்தது, காலியான தொகுதிக்காரர் யாரிடம் போவது என்று எங்கும் சொல்லவில்லை. காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். பேரவையின் காலம் ஓராண்டுக்கும் குறைவாக எஞ்சியிருந்தால் அந்தக் கட்டாயமும் இல்லை. அந்த இடைவெளியில் சாக்கடை அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் போவதில்லை. உறுப்பினர் க. பொன்முடி வழக்கில் தண்டனை பெற்றதால் திருக்கோவிலூர் 2024 மார்ச்சில் காலி என்று அறிவிக்கப்பட்டு, அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததும் அதே மாதத்தில் அவருடைய உறுப்பினர் பதவி மீண்டது. உறுப்பினர் என்ற தகுதி எதனால் போகிறது, எப்படித் திரும்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. கையேடு மௌனமாகக் கடந்துவிட்டது.

ஊர்வாரியான அட்டவணை இல்லாதது அடுத்த குறை. வட்டமும் மாவட்டமும் தொகுதியும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஊத்துக்குளிக்காரருக்கு மாவட்டம் திருப்பூர், தொகுதி பெருந்துறை. ஆட்சியருக்கான மனு ஒரு திசையில், உறுப்பினருக்கான மனு இன்னொரு திசையில். சத்தியமங்கலம் என்று ஒரு தொகுதி 2008 மறுவரையறையோடு மறைந்துவிட்டது. தாளவாடி மலையிலிருந்து இறங்கி வருகிற பெரியவர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய தொகுதி இப்போது பவானிசாகர். இப்படி ஓர் அட்டவணை பத்துப் பதினைந்து பக்கம் பிடிக்கும். வண்ணப்படங்களைக் குறைத்தாவது அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

பின்பாதிக்கு வந்தால் வேறொரு புத்தகத்தைத் திறந்தது போல இருக்கிறது.

பேரவைத் தலைவர் பற்றிய அத்தியாயத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர் பதவி விலகினால் கடிதத்தை ஆளுநரிடமோ முதலமைச்சரிடமோ கொடுப்பதில்லை, துணைத் தலைவரிடம் கொடுக்கிறார். பேரவை கலைந்தாலும் அவர் பதவி உடனே போய்விடாது. அடுத்த பேரவையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்புவரை தொடர்கிறார். வாக்கெடுப்பில் முதலில் வாக்களிப்பதில்லை, இரு தரப்பும் சமமானால் மட்டுமே அவருக்கு வாக்கு. அவரை நீக்க 14 நாள் முன்னறிவிப்பும், அப்போதிருக்கும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும். அந்தத் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது அவர் தலைமை தாங்கக் கூடாது. இவ்வளவையும் அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு எண்களோடு சொல்லிவிட்டு, உடனே 1972க்குப் போகிறார் ஆசிரியர். எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்ட ஆண்டு அது. டிசம்பரில் பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன் நீக்கப்பட்டபோது அவையை நடத்தியவர் துணைத் தலைவர் பெ. சீனிவாசன். விருதுநகரில் 1967இல் காமராஜரைத் தோற்கடித்த அதே சீனிவாசன். விதி என்ன என்பதும், அந்த விதி அவையில் எப்படி உயிர்பெற்றது என்பதும் அடுத்தடுத்த பத்திகளில் வருகின்றன. துணைத் தலைவர் பதவியை அலங்காரப் பதவி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பக்கத்தைப் படிக்க வேண்டும்.

2017ஐயும் இதே நிதானத்தோடு எழுதியிருக்கிறார். பிப்ரவரி 18இல் எடப்பாடி பழனிசாமி அரசு 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது, செப்டம்பரில் பேரவைத் தலைவர் ப. தனபால் 18 உறுப்பினர்களைக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்கீழ் தகுதி நீக்கம் செய்தது, இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னதால் 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் மூன்றாவது நீதிபதி அதை உறுதி செய்தது எல்லாம் தேதி வாரியாக இருக்கின்றன. எந்தக் கட்சிக்கும் சாய்வில்லாத நடை. தொகுதியில் உறுப்பினர் இல்லாமல் அந்த மக்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்ற வரியையும் அவர் மறக்கவில்லை. முன்பாதிக்காரர்களுக்கு இல்லாத அக்கறை இது.

எதிர்க்கட்சித் தலைவர் பகுதியில் 24 என்ற எண்ணைச் சுற்றியே எழுதியிருப்பது கெட்டிக்காரத்தனம். அவை நடக்கக் குறைந்தபட்சம் வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கையும் 24தான், எதிர்க்கட்சித் தலைவர் தகுதிக்கு ஒரு கட்சி எட்ட வேண்டிய பத்தில் ஒரு பங்கும் 24தான். 2011இல் தே.மு.தி.க. 29, தி.மு.க. 23, அந்தக் கணக்கில் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016 பிப்ரவரியில் அவருடைய கட்சி உறுப்பினர்கள் எட்டுப் பேர் பதவி விலகியதும் எண்ணிக்கை சரிந்து, அந்தத் தகுதியும் போயிற்று. 1996இல் ஆளுங்கட்சியோடு கூட்டணி வைத்து வென்ற த.மா.கா.விடமே (தமிழ் மாநில காங்கிரஸ்) எதிர்க்கட்சித் தலைவர் பதவி இருந்தது என்பதையும் சேர்த்திருக்கிறார்.

அவை முன்னவர், மாற்றுத் தலைவர்கள், தற்காலிகப் பேரவைத் தலைவர் ஆகியோருக்குச் சுருக்கமான குறிப்புகள், போதுமானவை. அரசு தலைமைக் கொறடாவாக இருந்த கோவி. செழியன் 2024 செப்டம்பரில் அமைச்சரானதும் அந்தப் பொறுப்பு கா. ராமச்சந்திரனுக்குப் போனது வரை பின்பாதியில் சரியாக இருக்கிறது. அமைச்சர்கள் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தமிழ்நாட்டுக்கு அது 35 என்ற கணக்கும் உண்டு. உறுப்பினராகாமலே ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற இடத்தில் 1967இல் அண்ணா பேரவை உறுப்பினராக இல்லாமலே முதல்வராகிப் பின் மேலவைக்குப் போனதைச் சொல்கிறார். அந்த மேலவை 1986 நவம்பர் 1இல் ஒழிந்தது.

எனக்கு மிகவும் பயன்பட்டது மனுக்கள் குழு பற்றிய பகுதி. பேரவையின் இந்தக் குழு மாவட்டங்களுக்கு வந்து மனுக்களை ஆய்வு செய்கிறது. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீதிமன்றத்தில் இருப்பவை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, வங்கிக் கடன், பணியிட மாறுதல் போன்றவை ஏற்கப்படா. இந்த விலக்குப் பட்டியலை இவ்வளவு தெளிவாக வேறெந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. குழு வருகிறது என்ற அறிவிப்பு வந்ததும் பட்டாவுக்கு மனு எழுதச் சொல்லி வருகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, வட்டாட்சியருக்கு எழுதுவோம் என்று திருப்ப முடிகிறது. அவர்களுடைய காசும் காத்திருப்பும் மிச்சம். உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் பத்துக் கோரிக்கைகளைத் தரும் முறை ஆகியவையும் இதே பகுதியில் உண்டு. சிறு பாலம், நிழற்குடை கேட்கிற மனுக்களுக்கு எந்த வழி பொருந்தும் என்று பார்த்து எழுத இவை உதவுகின்றன.

வரலாற்றுப் பகுதி சுமார். 1952இல் 375 இடங்கள், ஆந்திரமும் மொழிவாரி எல்லைகளும் பிரிந்தபின் 1957இல் 205, 1962இல் 206, 1967 முதல் 234 என்ற கணக்கு சரி. முத்துலட்சுமி ரெட்டி 1927இல் அன்றைய சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவரானதற்கு ஒரு வரி போதாது. ஓரிடத்தில் ‘ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர் ஒருவர் உட்பட 235’ என்று இன்னும் இருக்கிறது. 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அந்த நியமனம் முடிந்துவிட்டது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த வரியை அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும்.

தாள் தடிமனானது, எழுத்து கண்ணை உறுத்தவில்லை. தையல் கட்டுத்தான், ஒட்டு இல்லை; நாள்முழுவதும் புரட்டினாலும் பக்கம் கழன்று வரவில்லை.

டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள், ஊராட்சி மன்றத் தலைவர்கள், குடியிருப்போர் சங்கக்காரர்கள் பின்பாதிக்காக இதைத் தாராளமாக வாங்கலாம். உறுப்பினர் பெயரையும் முகவரியையும் மட்டும் பேரவைச் செயலகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2026இல் புதிய பேரவை வந்ததும் அடுத்த பதிப்பு வரும். அதில் ஊர்வாரி அட்டவணையும், ஒவ்வொரு தொகுதிப் பக்கத்தின் அடியிலும் ‘இந்தத் தேதி நிலவரப்படி’ என்ற ஒரு வரியும், பின்னால் வரும் மாறுதல்களை எழுதிக்கொள்ள நான்கு கோடு போட்ட இடமும் வேண்டும் என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி, ஈரோடு கிழக்குப் பக்கத்தின் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.