பேச்சு தாமதமான குழந்தைகளின் பெற்றோருக்கு: ‘முடி டெஸ்ட்’ ஆட்களிடம் ஜாக்கிரதை

மகனுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. குழந்தை மருத்துவர், “ஆட்டிசம்னு இப்பவே உறுதியா சொல்ல முடியாது. தெரபியை ஆரம்பிங்க, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்” என்றார். இந்த ஆறு மாத இடைவெளியில்தான் இந்த ‘முடி டெஸ்ட்’ ஆட்கள் நுழைகிறார்கள்.

ராத்திரி அவன் தூங்கியதும் நானும் கணவரும் ஆளுக்கொரு போனில் தேடிக்கொண்டிருப்போம். இரண்டொரு நாளில் இவர்களுடைய விளம்பரம் வர ஆரம்பித்தது. கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பினால் சிவப்பில் ஒரு மதிப்பெண். (நன்றாக வாயடிக்கும் என் நாத்தனார் மகளுக்கு அதைப் பிற்பாடு நிரப்பிப் பார்த்தோம். அவளுக்கும் சிவப்புதான்.) உடனே ‘கவுன்சிலர்’ போன் செய்தார். “டாக்டருங்க காத்திருக்கத்தான் சொல்வாங்கம்மா. அஞ்சு வயசு தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது.” மருத்துவர் தெரியாததைத் தெரியாது என்றார். இந்தப் பெண்ணுக்கோ பிள்ளையைப் பார்க்காமலே எல்லாம் தெரிந்திருந்தது.

பிள்ளையின் முடியில் உலோகம் இருக்கிறதா என்று பார்க்கும் முடி டெஸ்ட் 8,500 ரூபாய். ரிப்போர்ட்டில் பாதரசம், ஈயம், அலுமினியம் எல்லாமே அபாய அளவில். அப்புறம் ‘டீடாக்ஸ்’ சொட்டு மருந்தும் பொடியும், 36,000. பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்றும் இல்லை, லைசென்ஸ் எண்ணும் இல்லை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. கேட்டால், “நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி” என்றார்கள். மருந்தை நிறுத்திவிட்டு அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பற்றிக் கேட்டேன். பதில் வரவில்லை, என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். பணம் திரும்பாதாம். அதற்கு முன்பே அடுத்த கட்டமாக லட்சக்கணக்கில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று பேச்சை எடுத்திருந்தார்கள்.

எங்கள் மருத்துவரிடம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. 2001இல் அமெரிக்காவில் ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு லேபுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று கீலேஷன் ஊசி போட்டதில், 2005இல் அங்கே ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இறந்தே போனான். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதும் விளம்பரம் செய்வதும் மருத்துவருக்குத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது.

காத்திருக்கிற காலத்தில் செய்ய வேண்டியது தெரபிதான். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போனால், ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் குரூப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பாட்டில் படம் எல்லாவற்றையும் இன்றைக்கே சேமித்து வையுங்கள். கேள்வி கேட்டு வெளியே தள்ளப்பட்ட பிறகு குரூப்பில் அவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க முடியாது. நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். அதே ஆட்களிடம் மாட்டியவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்து கொடுக்கலாம்.